கடலைக் காணோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மா, ஆச்சி நலமும் அறிய ஆவல். கடிதம் கிடைத்தது. போனில் நான் சொல்வது உங்கள் காதில் விழாமல், அம்மாவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிடுகிறாள். அதனால் நானும் எழுதியே அனுப்புகிறேன்.

அமாவாசையன்று திருச்செந்தூரில் கடல் உள்வாங்கி, பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரிந்தன, சனங்கள் பயந்துபோய் நின்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இங்கிலாந்தில் அது தினமும் இரண்டு வேளை நடக்கிறது அப்பா. ஆகஸ்டில் பிள்ளைகளை வெஸ்டன்-சூப்பர்-மேர் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். பிரிஸ்டலிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிய சின்னவன் மணலில் நின்று, "கடல் எங்கே?" என்றான். நிஜமாகவே காணோம். மணல், மணலுக்கு அப்பால் சேறு, அதற்கும் அப்பால் ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோடுதான் கடலாம். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா முன்னமே சொல்லியிருந்தார். கடல் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆனாலும், கடல் ஏறி இறங்கும் ஓத நேர அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிற மனுஷன். வெயில் அடித்தால் மழை வரும் என்பார், மழை பெய்தால் இது நின்றுவிடும் என்பார். பிரிஸ்டல் சேனல் என்கிற அந்தக் கடற்பகுதியில் கடல் உள்ளே வர வர இரண்டு கரையும் நெருங்கிவிடுவதால் தண்ணீர் பரவ இடமில்லாமல் மேலே ஏறுகிறதாம். அங்கே செவர்ன் ஆற்று முகத்துவாரத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. கனடாவில் ஒரு வளைகுடாவைத் தவிர வேறெங்கும் இப்படி இல்லை என்கிறார்கள். நம் பக்கத்தில் ஓராள் உயரம்கூட ஏறி இறங்காது, இல்லையா? வடிந்த பிறகு சேற்றில் நடக்கக் கூடாது, கால் புதைந்துவிடும் என்று கரையெல்லாம் எச்சரிக்கைப் பலகை.

கரையோரம் கல்சுவர் கட்டிக் கடல்நீரைத் தேக்கிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதில்தான் ஆடினார்கள். நான் முழங்கால்வரை இறங்கினேன், எலும்பு வலித்தது. இதற்குப் பெயர் கோடைக்காலம்! பெரியவளுக்குக் கழுதைச் சவாரி கிடைத்தது. கடற்கரையில் கழுதைக்குச் சேணம் போட்டுப் பிள்ளைகளை ஏற்றி நடத்துவது இங்கே பழைய வழக்கம். ஆச்சியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

இரவு அங்கே தங்கவில்லை. பிள்ளைகளுக்கு இடம் மாறினால் தூக்கம் வராது. புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு போய்விட்டோம், வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரே ஒரு பொட்டலம் வாங்கி நாலு பேரும் ருசி பார்த்தோம். மேலே வினிகரை ஊற்றித் தருகிறார்கள், மீனுக்குச் செய்கிற பாவம். அதிலும் பாதியைக் கடற்பறவை கொத்திப் போய்விட்டது. உங்கள் மருமகள் இராவேலை முடித்து நேரே வந்தவள், காற்றுத் தடுப்புத் துணிக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டாள்.

"தாத்தா ஊர்க் கடலும் இப்படிப் போய்விடுமா?" என்று பெரியவள் கேட்டாள். போகாது, போனாலும் ஐம்பது நூறு அடிதான் என்றேன். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, என்னைத் தோளில் வைத்து முதல் அலையைத் தாண்டியதைச் சொன்னேன். நாழிக்கிணற்றுப் படியில் இறங்கும்போது தம்பி பயந்து உங்கள் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டதையும் சொன்னேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத தண்ணீரா என்று அவள் நம்பவில்லை. நீயே வந்து குடித்துப் பார் என்றேன். எப்போது என்றாள்.

அங்கே சூரியன் கடலில் அஸ்தமிக்கிறது அப்பா, இரவு எட்டரை மணிக்கு. எனக்குக் கடல் என்றால் விடிகிற பக்கம். எல்லாரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, பிள்ளைகளின் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர்தான், ஆனால் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டால் ஹீட்டரே வேண்டாம், அதுவும் உடம்புக்கு நல்லதாம்.

சரி, கிணற்றடி நில விஷயம். தம்பி அவசரப்படுகிறான் என்று தெரிகிறது. ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும்போது யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம். முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டா மாறுதல், விலை பேசுவதெல்லாம் அப்புறம். சித்தப்பாவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது, அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். என் பங்குக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறேன். இங்கே தூதரகச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் கட்டியாக வேண்டும், தம்பியை மறந்துவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். பணம் இந்த மாதக் கடைசியில் பாதி, தையில் மீதி வரும். மாசித் திருவிழாவுக்கு எனக்கு லீவு தரமாட்டார்கள் போலிருக்கிறது. மதினி வளைகாப்புக்குச் சேலை அம்மாவே எடுத்துவிடட்டும், அரக்கு வேண்டாம், அவளிடம் இரண்டு இருக்கிறது.

ஆட்டோக்காரருக்குப் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகன்