வேட்டை முனை நம்ம கடையில் ஏன் கிடையாது

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் நம்ம கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை வில்வித்தைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களும்தான். கொஞ்ச காலமாகக் கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து விவசாயம் பார்க்கிறவர்களும் வருகிறார்கள், கையில் ஒரு வீடியோவோடு. ஆஸ்திரேலியாவில் ஒருவர் காம்பவுண்ட் வில்லை (இரு நுனியிலும் கப்பி வைத்த வில்) எடுத்துக்கொண்டு பண்ணை நிலத்தில் தவழ்ந்துபோய்க் காட்டு ஆட்டை அடிக்கிறார். "அண்ணே, இந்த பிளேடு வச்ச அம்பு முனை இருக்கா? நம்ம கடலைக் கொல்லையிலும் ஆடு புகுந்து அழிக்குது" என்று கேட்கிறார்கள். அந்த முனைக்குப் பெயர் பிராட்ஹெட். அதை நாங்கள் வாங்கி வைப்பதும் இல்லை, வரவழைத்துத் தருவதும் இல்லை. கேட்டவரிடம் ஒரே வார்த்தையில் "இல்லை" என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, பயிர் போன வயிற்றெரிச்சலோடு வருகிறவர்கள் அவர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த ஊர் விஷயம். ஆஸ்திரேலியாவுக்கு ஆடு 1788-இல் வெள்ளைக்காரர்களின் முதல் கப்பல்களில் வந்தது. தப்பியதும் கைவிட்டதும் காட்டில் பெருகி இன்று லட்சக்கணக்கில் திரிகின்றன. காதில் அடையாளம் கிடையாது, மேய்ப்பவர் கிடையாது, ஐந்து மாதச் சினைக்குப் பெரும்பாலும் இரட்டைக் குட்டி. வறண்ட நிலத்தில் செம்மறிக்கு வேண்டிய புல்லையும் தளிரையும் அவையே தின்றுவிடுவதால் பண்ணைக்காரர் ஆள் விட்டு அடிக்கிறார். அங்கேயும் வில் என்பது நில உரிமையாளர் அனுமதியோடு ஒருசிலர் செய்யும் வேட்டைதான், தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2024 இறுதியில் அதையும் தடை செய்துவிட்டது. உண்மையில் மந்தையைக் குறைப்பது வேறு வழிகள். கோடையில் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே குதிக்கலாம், திரும்ப ஏற முடியாது என்கிற மாதிரிச் சரிவு வைத்துப் பிடிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலும் நாய்களை விட்டும் வளைத்து ஓட்டி வருகிறார்கள். பிடித்த ஆடு கறிக்கு விலை போகிறது. ஆட்டுக்கறி ஏற்றுமதியில் அந்த நாடு உலகிலேயே முன்னணியில் இருப்பதற்கு இந்தக் காட்டு ஆடும் ஒரு காரணம். ஆக, அந்த ஊரிலேயே விவரம் தெரிந்த பண்ணைக்காரர் ஆட்டை உயிரோடு பிடிக்கத்தான் பார்க்கிறார்.

இனி அந்த முனை. பயிற்சிக்கு நாங்கள் தருவது ஃபீல்டு பாயிண்ட், கூம்பாக இருக்கும், டார்கெட் மெத்தையில் சின்ன ஓட்டை போட்டு நிற்கும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். பிராட்ஹெட்டில் இரண்டோ மூன்றோ பிளேடு, ஒவ்வொன்றும் சவர பிளேடு கூர்மை. திருகும்போது வெறும் விரலால் பிடித்தால் விரல் போய்விடும், அதற்கென்று தனிச் சாவி தருவார்கள். மெத்தையில் விட்டால் மெத்தையைக் கிழித்துக்கொண்டு சிக்கிக்கொள்ளும். துப்பாக்கிக் குண்டு அடித்த அதிர்ச்சியிலேயே பிராணியைச் சாய்க்கக்கூடும், அம்புக்கு அந்த வேகம் இல்லை. அது நுரையீரலையோ இதயத்தையோ அறுத்து ரத்தம் போய்த்தான் சாகடிக்கும். அதற்கு ஆடு பக்கவாட்டில் நிற்க வேண்டும், இருபது முப்பது மீட்டருக்குள் நிற்க வேண்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் கையகல இடத்தில் அம்பு பாய வேண்டும். விடுகிற நொடியில் ஆடு ஒரு எட்டு வைத்தால் அம்பு குடலில் ஏறும். அப்புறம் அது மணிக்கணக்கில் துடிக்கும். பழகிய வேட்டைக்காரரே சந்தேகமாக இருந்தால் அம்பை விடாமல் இறக்கிவிடுவார். வில் வாங்கி ஒரு மாதம் ஆனவர், அதுவும் கோபத்தில் நிற்கிறவர், இறக்குவாரா?

தவறிய அம்பு எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். இழுக்க ஐம்பது பவுண்டு விசை வேண்டிய வில்லிலிருந்து கிளம்பும் அம்பு இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். நம்ம பக்கம் கண்மாய்க் கரையில் ஆள் நடமாட்டம், வரப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அடுத்த கொல்லையில் களை எடுக்கிற அம்மாக்கள். வெட்டவெளிப் பொட்டலில் அம்பைத் தடுக்க ஒரு மேடுகூட இருக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம், செட்டிநாட்டில் ஆள் இல்லாத ஆடு என்று ஒன்று கிடையாது. கொல்லையில் நிற்கிற ஆடு பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவருடைய பிழைப்பாக இருக்கும். அல்லது ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரியின் கிடையிலிருந்து பிரிந்து வந்ததாக இருக்கும். அறுவடை முடிந்ததும் காசோ நெல்லோ கொடுத்து அதே ஆட்டை நாமே வயலில் கிடை போடச் சொல்கிறோம், புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம் என்று. கயிறும் இல்லை, ஆளும் இல்லை, யார் கொல்லையிலும் உரிமையாக மேய்கிறது என்றால் அது அய்யனாருக்கோ கருப்பருக்கோ நேர்ந்துவிட்ட கிடாயாக இருக்கும். அதன் மேல் அம்பு பட்டால் விஷயம் போலீஸ் ஸ்டேஷனோடு முடியாது, ஊரே இரண்டாகும்.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் கால்நடையைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மான், முயல், மயில் எதையும் தொட 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விடாது. காட்டுப்பன்றித் தொல்லை என்றால் வனத்துறையிடம் மனுக் கொடுங்கள், நீங்களாக வில் எடுக்க வேண்டாம்.

சரி, பயிரைத் தின்கிற ஆட்டை என்னதான் செய்வது? உங்களுக்கு உரிமை இருக்கிறது. கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-இலிருந்தே இருக்கிறது, ஆடும் குட்டியும் அதில் அடக்கம். மேய்ந்த ஆட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது பிடிபட்ட கால்நடையை அடைக்கும் பட்டியில், சேர்க்கலாம், ஆட்டுக்காரர் பணம் கட்டித்தான் மீட்க முடியும். உங்கள் ஊருக்கு எது பவுண்டு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அதற்கும் முன்னால் வேலியைப் பாருங்கள். முள்கம்பி மட்டும் நாலு வரி இழுத்தால் ஆட்டுக்கு அது வாசல் மாதிரி, குட்டி கீழ்வரிக்கு அடியில் நுழையும், தாய் இடைவெளியில் தலையை விட்டு உடம்பைத் திணித்துவிடும். வலைக்கம்பி தரையோடு ஒட்டி இருக்க வேண்டும், வேலி ஓரம் கல்லோ வைக்கோல் போரோ இருந்தால் அதில் ஏறிக் குதிக்கும். செலவு தாங்காது என்றால் கிளுவைப் போத்தை நெருக்கி ஊன்றி, அது பிடிக்கும்வரை இடைவெளியில் முள் வெட்டி அடையுங்கள். ஓரத்தில் ஆடாதொடை வைத்தால் அதை ஆடு கடிக்காது. ஆட்டுக்காரரிடம் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள், வீடியோ எடுத்து மிரட்டுவதைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

வில்லின் மேல் ஆசை வந்துவிட்டது என்றால் அதற்கு நாங்கள் தடை இல்லை. காம்பவுண்ட் போட்டி 50 மீட்டர், ரிகர்வ் (கப்பி இல்லாத, நுனி முன்னால் வளைந்த வில்) 70 மீட்டர், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையரும் சேர்கிறது. எங்கள் கொட்டகையில் பின்னால் மண்மேடு போட்ட இடம் இருக்கிறது, வாங்குமுன் எய்து பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பிராட்ஹெட் வீட்டில் இருந்தால் டப்பாவோடு எடுத்து வாருங்கள், கையில் தொட வேண்டாம். அதே 100 கிரெய்ன் அல்லது 125 கிரெய்ன் (அம்பு முனையின் எடை அளவு) எடையில் ஃபீல்டு பாயிண்ட் மாற்றித் தருகிறோம். காசு கிடையாது, எங்கே வாங்கியது என்றும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வில் கடையினர், காரைக்குடி