நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றிரவு அம்மா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். நான்தான் தூங்காமல் இழுப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவின் ஆஸ்துமாவால் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லத் தெம்பில்லை.

மருந்துக்கடைத் தங்கைக்கு முதல் நன்றி. மூச்சு திணறும்போது உடனே இழுக்கிற நீல இன்ஹேலர் கேட்டு அவசரத்தில் நின்றேன். "போன மாசம்தானே வாங்கினீங்க? 200 தடவை அழுத்தலாமே, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?" என்றீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. நீங்கள் விடவில்லை. தடுப்பு இன்ஹேலரைத் தினமும் எடுக்கிறாரா, மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேட்டுவிட்டு, நான் கிளம்பும்போது கேட்டீர்கள்: "கண்ணுக்கு ஏதாவது சொட்டு விடுறாங்களா?"

விடுகிறார், கண் நீர் அழுத்தத்துக்கு. ஆனால் ஆஸ்துமா டாக்டரிடம் மாத்திரைகளை மட்டுமே சொல்லியிருந்தேன். சொட்டு மருந்தை நான் மருந்தாகவே நினைக்கவில்லை. கண் டாக்டரிடம் ஆஸ்துமாவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

குப்பியின் படத்தைக் காட்டினேன். டிமோலால். அது கண்ணோடு நிற்பதில்லை, கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம் என்றீர்கள். நீல இன்ஹேலர் தட்டுகிற கதவையே இது உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. "நீங்களா நிறுத்திடாதீங்க, அழுத்தம் ஏறினா பார்வை போயிடும். இன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க" என்றும் சொன்னீர்கள். அன்றே வேறு வகைச் சொட்டுக்கு மாற்றினார்கள். வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், அதற்கு நடுவிலும் கேட்டீர்களே!

அப்புறம், நள்ளிரவில் கார் எடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், மருந்தைப் புகைபோல ஆக்கி இழுக்கவைக்கிற நெபுலைசரைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத தோழி, விரல் வலியால் அழுத்த முடியாமல் தவித்த அம்மாவுக்கு இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழல் மாட்டி, மெதுவாக இழுக்கவும் பிறகு வாய் கொப்பளிக்கவும் பழக்கிய நர்ஸ் அக்கா, எல்லோருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இன்று கை ஓடவில்லை.

"வயசாச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று அம்மா சொன்னபோதெல்லாம் தலையாட்டினோம். வயதானவர்களுக்குத் திணறல் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று உள்ளே சரியாகத் தெரியாமலும் போகலாமாம். இனி அவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பப் போவதில்லை. தினமும் காலையில், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்லிக் குறித்துவைக்கிறேன். அவருடைய நல்ல நாள் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுப்பேன். 50-க்குக் கீழே போனால் நேராக மருத்துவமனைதான். சொட்டு, களிம்பு உட்பட எல்லா மருந்தும் எழுதிய அட்டை அம்மாவின் பையில் இருக்கிறது.

தங்கையே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். நாளை கடைக்கு வருகிறேன். அம்மாவும் வருகிறாராம், நடந்தே.