கும்பகோணம் வட்டார இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் ஓட்டுவோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், இருந்தது இரண்டு முறை. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் வழக்கம்போல் நடந்தது. ஆடிப்பெருக்குக்குக் கல்லணை போவதாக இருந்தோம்; ஆள் சேரவில்லை.

இனி வண்டிச் சூடு விஷயம், அதாவது இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய நம் ஸ்கூட்டரில் காலுக்கும் சீட்டுக்கும் வரும் சூடு. 'செயலாளர் வேற வேலை இல்லாம சைலன்சரப் பிடிச்சுத் தொங்குறார்' என்று டீக்கடையில் பேச்சு வந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சித்திரையில் நம் உறுப்பினர் ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கினார். வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவருக்கே தெரியாது, மனைவி பார்த்துத்தான் சொன்னார். என்னைப் போல் போலியோ வந்தவர்களுக்குக் கால் சூம்பினாலும் சூடு உறைக்கும். தண்டுவடத்தில் அடிபட்ட அவருக்கு உறைக்காது. கால் வழுக்கிப் பின்னால் போய், சைலன்சரை ஒட்டியபடியே வந்திருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர்.

அப்புறம்தான் என் வண்டியைப் பிரித்தேன். பைக் இஞ்சினில் எதிர்க்காற்று நேரே படும், நம் வண்டி இஞ்சினில் படாது. அது உறைக்குள் இருக்கிறது. இஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு சேர்ந்து சுற்றும் விசிறிதான் காற்றை இழுத்து சிலிண்டர் மேல் அடிக்கிறது. ரயில்வே கேட்டில் இஞ்சினை ஓடவிட்டு நின்றால் விசிறியும் சோம்பித்தான் சுற்றும். சூடு நேரே சீட்டுக்கு வரும். பங்குனியில் பாபநாசம் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருப்பார்கள், நாமும் அதன் மேல்தான் ஏறிப் போகிறோம். உறையைக் கழற்றினால் சிலிண்டரின் சூட்டை வெளியேற்றும் மெல்லிய விளிம்புகளான ஃபின்களுக்கு நடுவே உளுந்துப் பொட்டும் சேறும் அடை தட்டினாற்போல் இருந்தது. ஈர்க்குச்சியால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். இது போதாதென்று, இணைப்புச் சக்கரம் பொருத்திய பட்டறையில் மட்கார்டை விசிறி வாய்க்கு நேராகவே பற்றவைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் சார்."

சைலன்சருக்கு என்ன செய்வது? ஒருவர் சூடு தாங்கும் பட்டையைச் சுற்றினார். ஐப்பசி மழையில் ஊறி உள்ளே துரு. இன்னொருவர் ஈரச் சாக்கைக் கட்டினார். சுவாமிமலை போய்ச் சேர்வதற்குள் புகை வந்துவிட்டது, பேர் சொல்ல மாட்டேன். கடைசியில் அலுமினியத் தகட்டை வளைத்து, வாஷர் கொடுத்து, சைலன்சரில் படாமல் அரை அங்குலம் தள்ளி முடுக்கினோம். அந்த இடைவெளிதான் முக்கியம். ஒட்டிவிட்டால் தகடும் சைலன்சர்தான். காலுக்கு ஒரு பெல்ட்டும் சேர்த்தோம். இதுவரை 11 வண்டி முடிந்திருக்கிறது, எல்லாம் என் வீட்டு வாசலில். காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிபர் போடுகிறவர்கள் வெயிலில் அந்த இரும்பு என்ன பாடுபடுத்தும் என்று அறிவார்கள். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

வரவு செலவு பொருளாளர் நோட்டில் இருக்கிறது. சுருக்கமாக, வரவு குறைவு, செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் யார் பையிலிருந்து போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடச் சந்தா பாக்கிக்காரர்களின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. வாசிக்கப் போவதில்லை. தகடு மாட்டிக்கொண்ட 11 பேரில் 7 பேர் அதில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இடம் கொடுத்தவர்களுக்கும், டீ வாங்கித் தந்தவருக்கும், கூலி வாங்காத வெல்டிங் தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிடுவேன். போன வருடமும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. மீதித் தகடு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. நாலு வண்டிக்கு வரும். கத்திரி வெயில் தொடங்குமுன் வாருங்கள். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கும்.