முள்ளியவளை அம்மம்மாவின்ர ஆட்டைத் திவசம்

சொந்தங்களுக்கு வணக்கம். அம்மம்மாவின்ர ஆட்டைத் திவசம் வருகுது. அவவைப் பற்றின நினைவுகளைக் குரல்பதிவாயோ எழுத்தாயோ இதில போடுங்கோ, சின்னப் பிள்ளையளும் கேட்கட்டும்.

வைகாசியில வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போற சனத்தை மறிச்சு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மோனை" எண்டுவா. ஊரைக் கேட்டால் போதும், எப்பிடியோ ஒரு சொந்தம் கண்டுபிடிச்சிடுவா! பாலைப்பழக் காலமும் அதுதான். எங்களுக்கெண்டு பெட்டி நிறைய எடுத்து வைச்சிருப்பா. பொங்கல் முடிஞ்ச பிறகுதான் குரக்கன் புட்டும் குளத்து விரால் குழம்பும். அந்த ருசி வேற எங்கயும் இல்லை. 1995 இடப்பெயர்வில யாழ்ப்பாணத்தால வந்த, முன்பின் தெரியாத குடும்பங்களும் அவவின்ர விறாந்தையிலதான் இருந்தவை.

அவவின்ர படம் ஆரிட்டயாவது இருந்தால் கட்டாயம் அனுப்புங்கோ. எங்கட வீட்டில ஒண்டும் மிஞ்சேல்லை.