எண் அதே, ஊர் வேறு

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்திய வம்சாவளியினர் பற்றிய தங்கள் கட்டுரையையும், அதில் தொகுதி எண்களோடு வந்த பட்டியலையும் படித்தேன். 1957 முதல் 1963 வரை கலிபோர்னியாவின் 29ஆம் தொகுதி உறுப்பினராக இருந்த தலீப் சிங் சௌந்தை நினைவுகூர்ந்தது நல்ல விஷயம். ஆனால் அந்த எண் கொண்ட தொகுதி இன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இருக்கிறது. அவரை ஜெயிக்கவைத்தவை ரிவர்சைடு, இம்பீரியல் மாவட்டங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி எல்லைகள் மாறுகின்றன. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டியல் போட்டால் வரலாறு பிசகிவிடும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இம்பீரியல் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். பாலைவனத்தின் நடுவே, கொலராடோ ஆற்றுக் கால்வாய் நீரில் பச்சைப்பசேலென்று லெட்யூஸ் கீரை வயல்கள். விவசாயியான சௌந்தை அனுப்பிவைத்தது அந்த மண்தான். இனி இத்தகைய பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தக் காலத்துத் தொகுதியின் ஊர்களையும் அச்சிடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை