வால்வைத் தொடாமலே பட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்,

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்றதும் கல்லூரிகள் ஏரோஸ்பேஸ் (விமானம், ராக்கெட் பொறியியல்) படிப்புக்குப் போட்டி போட்டு விளம்பரம் செய்கின்றன. சரி, உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள்? பொறியாளர் வேலைக்கு நான் புதிது. படித்த காலம் முழுக்க சூத்திரம்தான், ஒரு வால்வைப் பிரித்து மாட்டியது வேலைக்கு வந்த பிறகுதான்.

2021 ஆகஸ்டில் இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி எஃப்-10 ராக்கெட் தோற்றது எதனால்? திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் ஒரு சீல் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) சேதமாகி, கசிவு ஏற்பட்டு, அழுத்தம் குறைந்து, கடைசியில் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் ஓடும்) இன்ஜின் பற்றவே இல்லை. திரவ ஹைட்ரஜனின் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு சீல் என்ன பாடுபடும் என்று எங்கள் கேள்வித்தாளில் கேட்டதே இல்லை (இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூட!).

இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் வேடிக்கை காட்டினால் போதாது. கழித்துப்போட்ட பாகங்களை இஸ்ரோ கல்லூரிகளுக்குக் கொடுக்கட்டும், ஒரு செமஸ்டராவது பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும்.

இளம் பொறியாளர்,
திருநெல்வேலி