பள்ளிக்கூடம் தொடங்கப் போகும் மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின குரல்செய்தியை மூன்று தரம் கேட்டுவிட்டேன். பென்சன் எடுத்த கையோடு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளுக்கென்று மன்னாரில் ஒரு சின்ன இடம் தொடங்கப் போகிறாய் என்றதும் அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோசம். இங்கே திருகோணமலையில் நாலு வருசமாக இதே மாதிரி ஒரு இடம் நடத்துகிற நாங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்கிறோம் என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். ஆனால் முதலில் படிப்பிக்கிற ஆட்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசி. இந்த நாலு வருசத்தில் நான் பிந்தி விளங்கிக்கொண்டது அதுதான்.

இங்கே வாடைக்காற்று அடங்கிவிட்டது. உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் வரை கரைவலை இழுக்கத் தொடங்கியாயிற்று. எங்களுக்கு இது வரவு இடாப்பைத் திறக்கவே மனம் வராத காலம். 31 பிள்ளைகளில் 9 பெடியன்கள் விடிய 4 மணிக்கே கயிறு பிடிக்கப் போகிறார்கள். பங்குக் காசை வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த உப்போடும் மணலோடும் 9 மணிக்கு வகுப்பில் வந்து இருக்கிறவனும் இருக்கிறான், வராமலே விடுகிறவனும் இருக்கிறான். வந்தவன் மேசையில் தலையை வைத்தால் அடுத்த நிமிசம் நித்திரை. முதல் வருசம் நாங்கள் தட்டி எழுப்பினோம். இப்போது பின்சுவரோரம் ஒரு பாய் விரித்துக் கிடக்கிறது. முக்கால் மணித்தியாலம் படுத்து எழும்பினால் அவனுக்குக் கணக்கு ஏறும். எழுப்பி இருத்தினால் ஏறாது, நாளைக்கு வரவும் மாட்டான். ஒழுங்கு கெட்டுப்போகும் என்று நீ நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கெடவில்லை மச்சான். பாயில் படுக்கிறவனைப் பார்த்து மற்றவர்கள் ஒருவரும் படுக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டிருந்தாய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை, ஆனால் வருசங்கள் ஒன்றுதான். 2020இல் கொரோனாவுக்குப் பூட்டினபோது போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அப்படியே கழன்று போனார்கள். 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனது, உனக்கும் ஞாபகம் இருக்கும். போட்டைக் கரையில் ஏற்றிவிட்டு அப்பாமார் வீட்டில் இருக்க, பெரிய பிள்ளைகள் மேசன் வேலைக்கும் கடைகளுக்கும் போனார்கள். முன்பு டிசம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சையும் இடம் மாறிக்கொண்டே போனது, 2023ஆம் ஆண்டுக்குரியதை 2024 மே மாதம்தான் எழுதினார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஐந்து மாதம் சும்மா காத்திருக்கிறது என்றால் வேலைக்குப் போகிறது என்றுதான் அர்த்தம். கடைசியாக 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல். மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் நிற்கிற மூன்று பேரின் கொப்பி, பிறப்புப் பத்திரம் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது. 1945இலிருந்து இலவசக் கல்வி, 16 வயது மட்டும் கட்டாயக் கல்வி என்று சட்டத்தில் இருக்கிறது, நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பெடியனை அவன் படித்த பள்ளிக்கூடத்தில் "நீ சோதனை எழுதினால் எங்கட பாஸ் வீதம் குறையும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சரி, ஆசிரியர்கள். முதல் வருசம் கணக்குப் படிப்பிக்கக் கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி வந்தா. கெட்டிக்காரி, பிள்ளைகளுக்கு உயிர். (கிண்ணியா என்றதும் உனக்கு ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற அந்தப் பாதைப் படகு ஞாபகம் வந்திருக்கும். 2009இல் பாலம் திறக்கும் முன்பு நாங்கள் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பாதையில் கடந்தோமே, இப்போது பஸ்ஸில் கண்ணை மூடித் திறக்கமுன் அக்கரை.) எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை அவ வரவில்லை. போன் எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வகுப்பில் ஒரு பெட்டை தன் வீட்டில் நடக்கிற கொடுமையை இவவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், வேறு ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். 24 வயதுப் பிள்ளை, அதை மூன்று மாதம் தனியே சுமந்திருக்கிறா. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. சம்பளமும் இரண்டு மாதம் பிந்தியிருந்தது, அது முழுக்க என் பிழை. அவ போன அடுத்த கிழமை நாலு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒருவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். படலைக்குள் நின்றபடியே, "எல்லாரும் போறவைதானே சேர்" என்றான்.

அந்தச் சொல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. ஏற்கெனவே ஒருதரம் பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளை அவன். நாங்கள் இரண்டாம் தரமும் கைவிட்டோம். புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் கொடுத்தும் அவனை வைத்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அவன் வந்தது ஒரு ஆளுக்காக, அந்த ஆளை நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். சம்பளம் 25ஆம் திகதி, கரண்ட் பில் பிந்தினாலும் அது பிந்தாது. விடிய 7 மணிக்கு முன்பு "இண்டைக்கு ஏலாது" என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும், காரணம் கேட்பதில்லை, அந்த வகுப்பை நான் எடுப்பேன். இவை இலேசானவை. பாரமானது மற்றது: ஒரு பிள்ளையின் கதை ஒரே ஆளின் தலையில் இருக்கக் கூடாது. பிள்ளை எதையாவது சொல்ல வாயெடுத்தால் ஆசிரியர் முதலே சொல்லிவிட வேண்டும், "நீ சொல்கிறது ஆபத்தான விசயம் என்றால் உனக்கு உதவி எடுக்க நான் இன்னும் ஒருவரிடம் சொல்லுவேன், உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்" என்று. ஒளிப்பதாகச் சத்தியம் பண்ணக் கூடாது. அந்த இன்னொரு ஆள் நான், அல்லது எங்கள் தமிழ் ஆசிரியை. அங்கிருந்து பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போவோம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் மனநல உதவிக்கான 1926 இலக்கமும் அலுவலகக் கதவின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. 1926 ஆசிரியர்களுக்கும்தான் என்று நானே வாயால் சொல்லியிருக்கிறேன், எழுதி ஒட்டினால் மட்டும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் 2 மணிக்குப் பிள்ளைகள் போனபின் ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்போம். வெள்ளியில் வைத்தோம், ஜும்மாவோடு அடிபட்டது, மாற்றிவிட்டோம். பாடத்திட்டம், பரீட்சை, காசுக் கணக்கு ஒன்றும் அந்த மணித்தியாலத்தில் இல்லை. இந்தக் கிழமை எந்தப் பிள்ளை மனதைக் குடைந்தது, உங்களுக்கு எது ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். திறக்க வைத்தது சமையலக்கா. அவவையும் கூட்டத்தில் இருத்தியது நான் செய்த ஒரே புத்தியான காரியம் என்று நினைக்கிறேன். ஒருநாள் அவ, "அந்த நெட்டைப் பெடியன் மூண்டு நாளா பார்சல் கட்டித் தா எண்டு கேக்கிறான், வீட்டில தம்பியாக்கள் பட்டினி போல" என்றா. ஐந்து ஆசிரியர்கள் பார்க்காததை அகப்பை பிடிக்கிற கை பார்த்திருக்கிறது. அதைக் கேட்டதும் விஞ்ஞான ஆசிரியர் அழுதுவிட்டார், அந்தப் பெடியனை அன்று காலையில்தான் வீட்டுவேலை செய்யவில்லை என்று ஏசியிருந்தார். அன்றிலிருந்து எல்லாரும் கதைக்கிறார்கள்.

பரீட்சைப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரியாததில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுகிறவர்களுக்குத் தமிழும் கணிதமும் முதலில், மற்றப் பாடங்கள் பிறகு. எழுத மனமில்லாதவர்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறோம், சில பயிற்சிகளுக்கு ஒன்பதாம் ஆண்டு படித்திருந்தாலே போதும், என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் வரும். காசு தருகிற ஆட்கள் எத்தனை பேர் பாஸ் என்று கேட்பார்கள். எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்றும் நீ சேர்த்து எழுது. அதைக் கேட்காத ஆளிடம் காசு வாங்குவதென்றால் யோசித்து வாங்கு.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. படலைக்குள் நின்றவன் ஒன்றரை வருசம் கழித்துத் தானாகத் திரும்பி வந்தான். 17 வயது. சோதனைக்கு அடையாள அட்டை வேண்டுமே, விண்ணப்பத்தைக் கொடுத்தால் கையொப்ப இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வாழ்க்கையில் ஒருநாளும் கையொப்பம் வைத்ததில்லையாம். தமிழ் ஆசிரியை பழைய கலண்டர் தாள்களைக் கிழித்துக் கொடுத்தா. மூன்று நாள், பாயில் படுத்து எழும்பின கையோடு, கலண்டரின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதினான். கயிறு இழுத்துக் காய்த்த கை, பேனை வழுக்கும், கடைசி எழுத்தின் சுழி ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி வரும். நாலாம் நாள் விண்ணப்பத்தில் வைத்தான். பெட்டிக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது, முகம் வாடிவிட்டது. இன்னொரு விண்ணப்பம் எடுத்துக் கொடுத்தோம். படம் எடுக்க விஞ்ஞான ஆசிரியரின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கிராம சேவகரிடம் கூட்டிக்கொண்டு போனது அந்தக் கிண்ணியாத் தங்கச்சி. ஓம், அவவும் திரும்பி வந்துவிட்டா, கிழமையில் மூன்று நாள்.

நீ தொடங்கமுன் ஒருக்கா வந்து நில். புதன் வந்தால் வியாழக் கூட்டத்தில் இருக்கலாம், ஆசிரியர்களிடமும் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார்கள். வரும்போது உன்னிடம் இருக்கிற கணிதப் பழைய வினாத்தாள் கட்டைக் கொண்டு வா, இங்கே போட்டோக் கொப்பி அடிக்கக் கட்டுப்படியாகுதில்லை. சமையலக்கா மன்னார்க் கருவாடு கேட்டா, அதையும் மறந்துவிடாதே.

உன் பழைய வாங்குக் கூட்டாளி,
திருகோணமலையிலிருந்து